புகைக்கூடு இல்லாத குசினி

“சுவத்துல ஆணி அடிக்காதீங்க.”

“ஒரு சேட்டத் தொங்கப் போடத்தான்.”

“வேணாம். எங்கட வாப்பா ஒம்பது வருசம் ஜித்தாவில கிடந்து கட்டின சுவரு. ஒரு ஓட்ட விழுந்தாலும் அவருக்குத் தாங்காது.”

“அப்ப என்ட சேட்ட எங்க போடுற?”

“என்ட தோள்ல போடுங்க,” என்றாள் நஸீறா. சொல்லிவிட்டு வெட்கத்தில் அறையை விட்டே ஓடிவிட்டாள்.

கல்யாணம் முடிந்து ஆறாம் நாள் நடந்த பேச்சு அது. முனாப் கையிலிருந்த ஆணியை இடுப்புச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டு, சுத்தியலைக் கொண்டுபோய் மாமனாரின் சாமான் பெட்டியில் திரும்ப வைத்தான். பின்னேரம் கடைக்குப் போய் ஒரு துண்டு நைலோன் கயிறு வாங்கிவந்து, ஜன்னல் கம்பிக்கும் அலுமாரிக் கைபிடிக்கும் நடுவே கட்டினான். பதினான்கு வருடம் கழிந்தும் அவனுடைய சட்டைகள் அந்தக் கயிற்றில்தான் தொங்குகின்றன. யாராவது அலுமாரியைத் திறந்தால் எல்லாச் சேட்டுகளும் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்து முகத்தில் விழும்.

ஏறாவூரில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். முனாப் ஓட்டமாவடியிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தவன். அவன் புறப்பட்ட அன்று அவனுடைய உம்மா சொல்லியனுப்பிய ஒரே புத்தி, பெண் தந்தவர்களின் வீட்டில் ஒன்றையும் குறை சொல்லாதே என்பது. ஐந்து நேரத் தொழுகைக்கு அடுத்தபடியாக அவன் அதைத்தான் கடைப்பிடித்தான். வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது, எந்த மரத்தை வெட்டுவது என்று பேச்சு வந்தால், “ஒங்கட விருப்பம்” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விடுவான். அவனுடைய அடையாள அட்டை, பத்திரங்கள், நல்ல சாரன்கள் எல்லாம் இன்னும் அந்தச் சூட்கேஸில்தான் இருந்தன. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

செங்கலடியைத் தாண்டிப் பதுளை வீதியில் உள்ள ஓர் அரிசி ஆலையில் முனாபுக்கு வேலை. நெல் அவிக்க நீராவி தரும் பொயிலருக்கு அவன்தான் பொறுப்பு. அதற்கு எரிப்பது உமி. ஆலையின் பின்பக்கம் உமி சின்ன மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். முனாப் கடிகார முள்ளைப் பார்ப்பதைவிட அதிகமாகச் சிமினியின் வாயைத்தான் பார்ப்பான். மெல்லிய வெள்ளையாகப் புகை வந்து காற்றில் கரைந்துபோனால் உள்ளே நெருப்பு சுகமாக இருக்கிறது. கறுப்பாகத் திரண்டு வந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் முனாப் லீவில் இருந்தபோது, அவனுக்குப் பதிலாக நின்றவர் வேலையைச் சுருக்க நினைத்து அரை மூட்டை உமியை ஒரேயடியாக உலைக்குள் கொட்டிவிட்டார். காற்றுக் கதவையும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கரி பெய்தது. கொடியில் காய்ந்த உடுப்பு, முருங்கை இலை, கிணற்றுத் தண்ணீர், எல்லாவற்றிலும் கறுப்புப் பூச்சி மொய்த்த மாதிரி. அன்றைக்கென்று ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. பந்தலின் வெள்ளைத் துணி பாழாகிவிட்டது. ஆலைக்காரர் நளீர் ஹாஜியார் தானே போய் மன்னிப்புக் கேட்டுப் புதுத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு முனாபுக்கு லீவு கிடைப்பதே பெரும்பாடு.

அந்த வாரம் உமி சுமக்கும் சாமித்தம்பி அவனிடம் கேட்டான், எரிந்தால் சாம்பல்தானே வரவேண்டும், இந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று. முனாப் உலையின் சின்னக் கதவைத் திறந்து காட்டினான். சூடு ஏறும்போது உமியிலிருந்து முதலில் ஒரு வாயு கிளம்புகிறது, சுவாலையாக எரிவது அதுதான் என்றான். போதுமான காற்றும் சூடும் இருந்தால் அது முழுதாக எரிந்து முடியும். காற்றுக் குறைந்தாலோ, ஈரம் நெருப்பைக் குளிர வைத்தாலோ, அந்த வாயுவில் உள்ள கரி எரிய முடியாமல் பொடிப்பொடியாகப் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சுவாலை மஞ்சளாகத் தெரிவதே அந்தப் பொடி தணலாக மின்னுவதால்தான். சுவாலையின் நுனியில் காற்றுக் கிடைத்தால் அது எரிந்து தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கறுப்புப் புகையாக வெளியே போய் யாருடைய பந்தலிலாவது விழும்.

“அரைவாசி எரிஞ்ச நெருப்பு எண்டு சொல்லு,” என்றான் சாமித்தம்பி. பிறகு கிட்ட வந்து முனாபின் தோளை மோந்து பார்த்தான். “ஊருக்கெல்லாம் வெள்ளப் புகை விடுறாய். ஒன்ட சேட்டுல மட்டும் ஏன் மச்சான் குசினிப் புகை மணக்குது?”

முனாப் சிரித்துவிட்டு உலைக் கதவைச் சாத்தினான். ஆனால் அன்று பின்னேரம் வரைக்கும் அவனுக்கு வேலை ஓடவில்லை.

நஸீறாவின் குசினிக்குப் புகைக்கூடு கிடையாது. அந்த ஒழுங்கையில் புகைக்கூடு இல்லாமல் கட்டப்பட்ட முதல் குசினி அதுதான், அதுவும் தெரிந்தே கட்டப்பட்டது. நஸீறாவின் உம்மா வாழ்நாள் முழுக்க விறகடுப்பில் ஊதிக் கண்ணும் நெஞ்சும் கெட்டு மௌத்தாகிப் போனவர். அதனால் வாப்பா ஆதம்லெவ்வை ஜித்தாவிலிருந்து வரும்போதே இரண்டு வாய்க் காஸ் அடுப்பொன்றைத் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தார். என்ட மகளுக்குப் புகை எண்டா என்னெண்டே தெரியப்படாது என்று மேசன்மார் முன்னால் சொன்னாராம். புகையே இல்லாத குசினிக்குப் புகைக்கூடு எதற்கு? தூசி வராமல் நான்கு பக்கமும் அடைத்து, ஒழுங்கைப் பக்கம் திறக்க முடியாத ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்து, தரைக்கு டைல் பதித்து முடித்தார். குடிபுகுந்த அன்று சொந்தக்காரர்கள் ஹோலைப் பார்க்கவில்லை, குசினியைத்தான் பார்த்தார்கள்.

ஆதம்லெவ்வை காலமாகி ஒரு வருடத்தில், காஸுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. நஸீறா இரண்டு கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் முற்றத்தில் கல் வைத்து விறகில் அவித்தாள். மாரி தொடங்கி மூன்று நாள் விடாமல் அடித்தபோது அடுப்பு நனைந்தது. கல்லைத் தூக்கிக் குசினிக்குள் வைத்தாள், மழை விடும்வரைக்கும் என்று. பிறகு மழை விட்டது, காஸும் வந்தது. ஆனால் விற்கிற விலைக்கு இடியப்பத்தைக் காஸில் அவித்துக் கட்டுப்படியாகாது. அடுத்த மழைக்குப் பயந்து அடுப்பு உள்ளேயே நின்றுவிட்டது. மூன்று வருடம்.

முனாப் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தான். ஆலையிலிருந்து காய்ந்த விறகாகப் பார்த்துக் கொண்டுவந்து விரல் பருமனுக்குப் பிளந்து அடுக்கினான். கழித்துப் போட்ட இரும்புக் கம்பிகளை ஒட்டி ஒரு தட்டுச் செய்து, கீழிருந்து காற்று ஏறும்படி அடுப்புக்கு அடியில் வைத்தான். சுவாலை திருந்தியது. கரி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குப் போக வழியில்லை. அது கூரைத் தகட்டில் படிந்தது. சிலந்தி நூலெல்லாம் கறுப்புக் கயிறாகித் தொங்கியது. கண்ணாடி ஜன்னல் பகலிலேயே இருட்டாகியது. மழைக்காலத்தில் மகள் சப்னாவின் பள்ளி உடுப்பைக் குசினிக்குள் காயப்போட்டால், வெள்ளைப் பர்தாவில் புள்ளி விழும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை ரப்பர் வைத்து அழித்துப் பார்த்து இன்னும் பரத்திவிட்டு அழுவாள். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் முனாப் சவர்க்காரத் தண்ணீரும் தென்னந்தும்பும் எடுத்துச் சுவரைத் தேய்ப்பான். தேய்க்கத் தேய்க்க நஸீறா பின்னால் நின்று இருமுவாள். கரியைத் துடைக்கலாம், அந்த இருமலை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

உண்மையில் அவனுக்குத் தெரியும். பந்தலில் கரி விழுந்த அந்த வாரமே, ஆலை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்தான். அடுப்புக்கு மேலே தகரக் கூடு. அதிலிருந்து சுவருக்கு ஒரு குழாய். சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒன்றரைச் சாண் அகலத்தில் ஓர் ஓட்டை. வெளியே குழாய் கூரையைத் தாண்டி மேலே போய்த் தொப்பி போட்டு நிற்கிறது. நஸீறா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சாணால் அளந்து, கணக்கெழுதி, கீழே திகதியும் போட்டான். பிறகு அதை மடித்துச் சூட்கேஸுக்குள் வைத்தான்.

பல தடவை கேட்க வாயெடுத்தான். உயிரோடு இருக்கும் மாமனாரிடம் என்றால் ஒரு நல்ல நேரம் பார்த்துக் கேட்டிருக்கலாம். மௌத்தாகிப் போன மனிதர் மகளுக்காகக் கட்டிய சுவரை, நேற்று வந்தவன் உடைக்கக் கேட்பதா? ஒரு ஆணிக்கே தாங்காது என்றவள் ஒன்றரைச் சாண் ஓட்டைக்கு என்ன சொல்வாள்?

போன திங்கட்கிழமை விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நஸீறாவுக்கு மூச்சு முட்டியது. முனாப் முகம் கழுவிக்கொண்டிருந்தான். குசினிக் கதவில் ஏதோ மோதியது போலிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கிறாள், தோள் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, நெஞ்சுக்குள் விசில் சத்தம். ஏதோ சொல்ல முயன்றாள். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்த ஒரு சொல்லும் “அடுப்பு” என்பதுதான். அடுப்பை அணைக்கச் சொல்கிறாளா, இடியப்பம் கருகுகிறது என்கிறாளா என்று பார்க்க அவன் நிற்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

முகத்தில் மூடி வைத்து மருந்து கொடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவளுக்குப் பேச வந்தது. டொக்டர் கஜானி இளம் வயதுக்காரி. தொய்வு, இழுப்பு பரம்பரையில் உண்டா, வீட்டில் யாரும் சிகரட் பிடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றதும், என்ன அடுப்பு, எத்தனை மணித்தியாலம், எத்தனை ஜன்னல் என்று கேட்டார். நஸீறா சொன்னாள், கரி பிரச்சினையில்லை, இவர் ஒவ்வொரு வெள்ளியும் சுவரைத் தேய்த்துக் கழுவிவிடுவார் என்று.

“நீங்க கழுவுற கரி உங்களுக்கு ஒண்டும் செய்யாது அக்கா,” என்றார் டொக்டர். “அது சுவரோட நிண்டுட்டுது. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நிக்காமப் போகுது. மூக்கு மயிரும் பிடிக்காது, தொண்டையும் பிடிக்காது. நெஞ்சின்ட அடிவரைக்கும் போய் இரத்தத்திலயும் கலக்கும். இண்டைக்கு மூச்சு, நாளைக்கு இருதயம். வீட்டில பிள்ளை இருக்கா?”

சப்னாவைப் பற்றிச் சொன்னார்கள். பிள்ளையின் நெஞ்சு இன்னும் வளர்கிறது, அவளுக்கு இதைவிடக் கெடுதல் என்றார் டொக்டர். பிறகு, புகை வெளியே போக ஒரு வழி வைக்க முடியாதா என்று கேட்டார்.

நஸீறா முனாபைப் பார்க்காமல் சிரித்தாள். “இவரு பொயிலர்காரர் டொக்டர். நெருப்பப் பத்தி இவருக்குத் தெரியாததில்ல. ஆனா ஊட்டு விசயத்துல தலபோட மாட்டாரு. பதினாலு வருசமா விருந்தாளி மாதிரித்தான்.”

டொக்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற தாதியும் சிரித்தார். முனாபும் சேர்ந்து சிரித்தான். ஓட்டோவில் திரும்பி வரும்போது வாவியிலிருந்து வந்த காற்று நன்றாக இருந்தது. நஸீறா தலையைச் சாய்த்து அதை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள். முனாப் கிளினிக் கார்டைக் கையில் வைத்துப் பார்த்தபடி இருந்தான். ஒரு எழுத்தும் அவன் கண்ணில் படவில்லை. விருந்தாளி என்ற சொல்தான் காதுக்குள் நின்றது. இந்த வீட்டுக்கு அவன் காட்டிய மரியாதைக்கு அவள் வைத்திருந்த பெயர் அதுவா?

ஒரு கிழமைக்குப் புகைப் பக்கம் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இடியப்பம் கொடுக்காவிட்டால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று நஸீறா கவலைப்பட்டாள். முனாப் ஹாஜியாரிடம் பேசி லீவெடுத்துக்கொண்டு தானே அடுப்பில் இறங்கினான். நஸீறா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மா குழைப்பது எப்படி, இடியப்ப உரல் பிழிவது எப்படி என்று அங்கிருந்தே சொல்லிக்கொடுத்தாள். பொயிலர்காரனுக்கு நெருப்பு வசப்பட்டது, உரல் வசப்படவில்லை. முதல்நாள் கடைக்காரர் பதியுதீன் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இது இடியப்பமா தூக்கணாங்குருவிக் கூடா என்று கேட்டனுப்பினார். சப்னா வந்து அதைச் சொன்னபோது நஸீறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிடும் என்ற பயம்.

இரண்டாம் நாளே முனாபின் கண் சிவந்தது. மூன்றாம் நாள் காறித் துப்பினால் கறுப்பாக வந்தது. ஆலையில் இருபது வருடம் உலைக்கு முன்னால் நின்றவன் அவன். ஆனால் அங்கே புகை சிமினியால் போய்விடும். இங்கே அது அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றது. இந்தச் சின்ன அறைக்குள் மூன்று வருடம், தினம் நான்கு மணித்தியாலம் அவள் நின்றாள் என்பதை நினைத்தபோது, புகை இல்லாமலே அவன் கண் கரித்தது.

வியாழன் பின்னேரம் செங்கலடிக்குப் போய்ச் சாமித்தம்பியின் வீட்டிலிருந்து ஒரு அலவாங்கு, நீட்டுக் கடப்பாரை, வாங்கிவந்தான். சுவரை உடைக்க என்று சாமித்தம்பியிடம் சொன்னான். வாசலில் நஸீறா பார்த்துவிட்டு என்னத்துக்கு என்று கேட்டபோது, தென்னம்பிள்ளை நட என்று வாயில் வந்துவிட்டது. எந்தத் தென்னம்பிள்ளை என்று அவள் கேட்டாள். வாங்க வேணும் என்று சொல்லிவிட்டு அலவாங்கைக் கோடிப்புறச் சுவரில் சாய்த்தான்.

வெள்ளிக்கிழமை காலை. அடுப்பில் இரண்டாவது பானை ஏறியிருந்தது. நஸீறா நாளைக்குக் கிளினிக் போவதற்காகக் கார்டைத் தேடினாள். எங்கே என்று முற்றத்திலிருந்து கேட்டாள். சூட்கேஸில் என்று முனாப் உள்ளேயிருந்து சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. எழுந்து போக முடியாது, உரலில் மா இருக்கிறது.

அறைக்குள் சூட்கேஸ் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கடதாசி பிரியும் சத்தம்.

நஸீறா குசினிக் கதவடிக்கு வந்து நின்றாள். உள்ளே வராதே, புகை என்றான் முனாப். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். ரசீது விரிந்திருந்தது.

“இது என்ன?”

“ஒரு படம்.”

“அது எனக்கும் தெரியுது. என்ட குசினிட படம். கீழ திகதி போட்டிரிக்கி. ரெண்டு வருசம்.” அவள் குரல் இறங்கியது. “ரெண்டு வருசமா இதப் பெட்டிக்குள்ள வெச்சிக்கிட்டு, நான் இருமுறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?”

முனாப் அடுப்பில் ஒரு விறகை இழுத்து, மறுபடி உள்ளே தள்ளினான். “நீதானே ஆணி அடிக்க வேணாமெண்ட.”

“எப்ப?”

“கலியாணம் முடிஞ்சி ஆறாம் நாள். வாப்பாக்குத் தாங்காதெண்டு சொன்ன.”

நஸீறா அவனை உற்றுப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கி, எதையோ தேடி, மெல்ல விரிந்தது. “அந்த ஆணிக்கா அந்தக் கயிறு?” என்றாள். “அல்லாஹ்வே. நான் என்ன நெனச்சன் தெரியுமா? இந்த மனிசன் இந்த ஊட்ட ஊடா எடுக்கல்ல, எண்டைக்காவது சேட்ட உருவிப் பெட்டிக்குள்ள போட்டுக்கிட்டு எழும்பிப் போகத்தான் கயிறு கட்டி வெச்சிரிக்காரு எண்டு. பக்கத்து ஊட்டு பஸ்னா ராத்தாக்கிட்டச் சொல்லி அழுதும் இரிக்கன்.”

உரலில் மா இறுகிக்கொண்டிருந்தது.

“மேசனக் கூப்பிட எனக்கு ஒரு சொல்லுப் போதும்,” என்று அவள் தொடர்ந்தாள். இடையில் மூச்சுக்காக நின்றாள். “நெருப்புத் தெரிஞ்ச மனிசன ஊட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு மேசனக் கூப்பிட எனக்கு மனசு வரல்ல. நீங்களாக் கேப்பீங்க எண்டு இருந்தன். வாப்பா இதுல புகைக்கூடு வெக்காம விட்டது எனக்குப் புகை வரப்படாதெண்டுதான். இப்ப அவரு இருந்தா...”

அவள் முடிக்கவில்லை. முந்தானை மூக்கிலிருந்து கண்ணுக்குப் போனது. புகைக்கா அழுகைக்கா என்று பார்க்க முனாபும் முயலவில்லை. அடுப்பிலிருந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்தான். அந்த ஈரத்தில் கடைசியாக ஒரு கறுப்புப் புகை எழுந்து, போக வழியில்லாமல் கூரையில் முட்டிப் பரவியது. இருவரும் அண்ணாந்து அதைப் பார்த்தார்கள்.

“கேளுங்க,” என்றாள் நஸீறா. “வாயத் தொறந்து கேளுங்க. நீங்க கேட்டு நான் கேக்கணும்.”

முனாப் எழுந்து மா ஒட்டியிருந்த கையைச் சாரனில் துடைத்தான். ஆள் உயரத்துக்கு மேலே, படத்தில் குறித்திருந்த இடத்தில், உள்ளங்கையைச் சுவரில் வைத்தான்.

“நஸீறா,” என்றான், “நம்மட குசினிச் சுவர ஒடைக்க என்னை விடு.”